குளத்தடிப் பாசி காரா: காவிரிப் படுகையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்திரை பிறந்து வாய்க்கால் காய்ந்ததும் எங்கள் பக்கம் தூர் வாரும் பேச்சு தொடங்கிவிடும். அப்போதெல்லாம் நான் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: குளத்தை வாருங்கள், ஒரு மூலையை மட்டும் விட்டுவையுங்கள், அரிதாகிவரும் பாசி ஒன்று அங்கே பிழைக்கட்டும். ஏன் என்று கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்தான் கீழே இருப்பவை. கேட்டவர்கள் விவசாயிகள், மீன் குத்தகைக்காரர்கள், ஊராட்சி உறுப்பினர்கள், என்னிடம் படித்த பிள்ளைகள். நான் மன்னார்குடிப் பக்கத்தில் தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன்.

எந்தப் பாசியைச் சொல்கிறீர்கள்?

காரா. பதினொன்றாம் வகுப்பில் தாவரவியல் படித்தவர்களுக்குப் பெயர் ஞாபகம் இருக்கும். படம் வரைந்து பாகங்களைக் குறித்திருப்பீர்கள். அதோடு அதன் தங்கை மாதிரியான நைட்டெல்லாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே குடும்பம்.

பாசி என்றதும் படித்துறையில் கால் வழுக்கும் பச்சை வழவழப்புதான் நினைவுக்கு வரும். இது அப்படி இருக்காது. சேற்றில் வேர் போன்ற இழைகளால் பிடித்துக்கொண்டு ஒரு சாண், சில இடங்களில் ஒரு முழம் வரை நிமிர்ந்து நிற்கும். தண்டில் கணு கணுவாக இருக்கும். ஒவ்வொரு கணுவிலும் குடைக்கம்பி விரிந்ததுபோல் சின்னக் கிளைகள் வட்டமாக நிற்கும். சவுக்குக் கொத்தை ஒடித்துத் தண்ணீருக்கடியில் நட்டுவைத்தால் எப்படி இருக்குமோ, கிட்டத்தட்ட அப்படி. தெளிந்த குளத்தில் கரையில் உட்கார்ந்து பார்த்தால் அடியில் ஒரு சிறு காடு நிற்பது தெரியும்.

மளிகைக் கடையில் பிரியாணிக்கு வாங்குகிற கல்பாசி இதுதானா?

இல்லை. அது மரப்பட்டையிலும் பாறையிலும் வளரும் லைக்கன், தண்ணீருக்குள் வளர்வதே இல்லை. காராவுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரில் கல் என்ற பொருள் வருவதால் இந்தக் குழப்பம்.

வேலம்பாசிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே?

தூரத்திலிருந்து பார்த்தால் எனக்கே குழப்பம் வரும். வேலம்பாசி என்று நாம் சொல்வது பூக்கும் தாவரம், பாசியே அல்ல. அதற்கு உண்மையான இலை உண்டு, நரம்பு உண்டு. காராவுக்கு இரண்டும் கிடையாது.

கையில் எடுத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். வேலம்பாசி வழவழவென்று நழுவும். காரா சொரசொரப்பாக இருக்கும், விரலிடையில் நெரித்தால் நொறுங்கும். நடவுக்கு வந்திருந்த ஓர் அம்மாவிடம் ஒரு கொத்தைக் காட்டினேன். கையில் வாங்கிய உடனே, "இதுவா சார், பிடிச்சா சுண்ணாம்பு ஒட்டுன மாதிரி இருக்குமே, பூண்டு நாத்தம் அடிக்குமே" என்றார். பாடப்புத்தகம் ஒரு பக்கத்தில் சொல்வதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அந்தச் சொரசொரப்பு சுண்ணாம்புதான். தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்து இந்தப் பாசி தனக்கு வேண்டிய கார்பனை எடுத்துக்கொள்ளும்போது கால்சியம் கார்பனேட் அதன் உடம்பின் மேலேயே படிந்துவிடுகிறது. காய்ந்த துண்டின் மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், நுரைக்கும். நைட்டெல்லாவில் இந்தப் படிவு இருக்காது அல்லது மிகக் குறைவாக இருக்கும். அது மெல்லியது, கண்ணாடி போல் பளபளக்கும்.

காய்ப்புக் காலமாக இருந்தால் ஒரு கைலென்ஸ் போதும். கிளையின் கணுவில் ஆரஞ்சு நிறத்தில் கடுகைவிடச் சின்னதாக ஓர் உருண்டை இருக்கும், அது ஆண் உறுப்பு. அதன் பக்கத்தில் முறுக்கிய கயிறு சுற்றினதுபோல் ஒரு நீள்வட்டக் காய் இருக்கும், அது பெண் உறுப்பு. சுற்றியிருப்பவை ஐந்து செல்கள். காயின் தலையில் ஒரு சின்னக் கிரீடம் தெரியும். காராவில் அந்தக் கிரீடத்துக்கு ஐந்து செல், நைட்டெல்லாவில் பத்து. முதல் முறை லென்ஸில் பார்க்கும் பிள்ளைகள் அந்த ஆரஞ்சு உருண்டையைப் பூச்சி முட்டை என்றுதான் நினைப்பார்கள்.

குளமே பச்சைப் பெயின்ட் ஊற்றினதுபோல் இருக்கிறது. அது காராவா?

இல்லை, அது காராவின் எதிரி. மிதக்கும் நுண்பாசிகள் பெருகினால்தான் தண்ணீர் அப்படி ஆகும். அந்தக் குளத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதையும் தவிர்ப்பது நல்லது. சில நீலப்பச்சைப் பாசிகள் நஞ்சு உண்டாக்கும்.

இந்தப் பாசிக்கும் நம் ஊருக்கும் தனியாக ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. இதைச் சொல்ல எனக்கு மிகவும் பிடிக்கும்.

தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது தெரியும். அங்கே 1766இல் பிறந்தவர் யாக்கோப் காட்பிரீட் க்ளைன். டேனிஷ் மிஷனின் மருத்துவராக அதே ஊரில் வேலை பார்த்தார். வைத்தியம் போக, செடிகளைச் சேகரித்துக் காயவைத்து ஐரோப்பாவுக்கு அனுப்புவது அவருக்குப் பழக்கம். பெர்லினில் இருந்த வில்டெனோ என்ற தாவரவியலாளர் 1805இல் வெளியிட்ட காரா இனங்களில் இரண்டுக்குப் பின்னால் இன்றும் க்ளைன் பெயர் நிற்கிறது: காரா சைலானிக்கா, காரா கோரல்லினா. சைலானிக்கா என்ற பெயரிலேயே இலங்கை இருப்பதால் அதை எங்கள் மண்ணின் பாசி என்று நான் சொந்தம் கொண்டாடவில்லை. ஆனால் கடலோர டெல்டாவில் பிறந்து வளர்ந்த ஒரு மனிதர் குளத்துச் சேற்றில் இறங்கி இதைப் பொருட்டாக எடுத்துப் பார்த்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயம். இந்த இரண்டில் கோரல்லினா பிறகு உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. செல்லுக்குள் மின்சாரம் எப்படிப் பாய்கிறது என்று படிக்க அதைத்தான் வளர்த்தார்கள்.

இன்னொரு தொடர்பும் உண்டு, இது சென்னை வழியாக. இந்தியப் பாசியியலுக்கு அடித்தளம் போட்ட எம்.ஓ.பி. ஐயங்கார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1962இல் காரா குடும்பத்துக்கென்றே தனி நூல் ஒன்றை வெளியிட்டது. எழுதிய நால்வர் பி.பி. பால், பி.சி. குண்டு, வி.எஸ். சுந்தரலிங்கம், ஜி.எஸ். வெங்கடராமன். இதில் பால் என்பவர் கோதுமை ரகங்களுக்குப் பெயர் பெற்ற அதே பெஞ்சமின் பியரி பால்தான். இளம் வயதில் பர்மாவின் காரா பாசிகளைப் பற்றி எழுதியவர் அவர். நாட்டின் கோதுமையைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்குக் குளத்துப் பாசிக்கும் நேரம் இருந்திருக்கிறது.

அப்படி என்ன சிறப்பு இதில்?

ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் நடுவே இருக்கும் தண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சில இனங்களில் அது விரல் நீளம் வரும். அந்த நீளம் முழுக்க ஒரே ஒரு செல். நம் உடம்பின் செல்லைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். இதை வெறுங்கண்ணால் பார்க்கலாம், கையிலும் பிடிக்கலாம்.

மேலுறை இல்லாத ஒரு நைட்டெல்லா இழையைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பள்ளி நுண்ணோக்கியிலேயே பாருங்கள். செல்லுக்குள் பச்சைமணிகள் வரிசையாக அசையாமல் ஒட்டியிருக்கும். அதற்கு உள்பக்கம் சோற்றுக்கஞ்சி போன்ற சாறு ஒரு பக்கம் மேலேறி, முனையில் திரும்பி, மறு பக்கம் கீழிறங்கி ஓடிக்கொண்டே இருக்கும். நிற்கவே நிற்காது. கோரல்லினாவில் அந்த ஓட்டம் ஒரு விநாடிக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை நெருங்கும். செல்லின் உலகத்தில் அது வெள்ளப் பாய்ச்சல். இத்தாலியரான பொனவென்தூரா கோர்த்தி 1774இல் இதை முதலில் பார்த்து எழுதினார். உயிருள்ள செல்லுக்குள் ஓட்டம் உண்டு என்பதே உலகத்துக்கு இந்தப் பாசியிடமிருந்துதான் தெரியவந்தது. என் வகுப்பில் ஒரு பையன் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல், "சார், வாய்க்கால்ல தண்ணி வுட்ட மாதிரி ஓடுது" என்றான்.

நெல், வாழை, தென்னை என்று நிலத்தில் நிற்கும் எல்லாச் செடிகொடிகளுக்கும் மூதாதை எந்தப் பாசிக் கூட்டத்திலிருந்து வந்ததோ, காராவும் அதே கூட்டம். காராவைவிட, ஸ்பைரோகைரா என்ற இழைப்பாசியின் கிளைதான் இன்னும் நெருங்கிய உறவு என்று இப்போது மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. ஆனாலும் ஒரு பாசி செடியைப் போல நிமிர்ந்து, கணு விட்டு, கிளைத்து நிற்பதைப் பார்க்கக் காராவிடம்தான் வரவேண்டும். காரா பிரௌனி என்ற இனத்தின் முழு மரபணுத் தொகுப்பு 2018இல் வெளியானது. இந்தக் குடும்பத்தின் காய்கள் சுண்ணாம்பேறிப் பாறையில் புதைபடிவமாகவும் கிடைக்கின்றன. 40 கோடி வருடத்துக்கும் பழையவை அவற்றில் உண்டு.

என் வயலிலேயே இது களையாகக் கிடக்கிறது. அரிது என்கிறீர்களே?

நியாயமான கேள்வி. காராவில் பல இனங்கள் உண்டு. ஓரிரண்டு இனங்கள் தேங்கிய வயல்தண்ணீரில் எங்கும் முளைக்கும், நாற்றின் அடியில் அடர்ந்து தொல்லையும் தரும். அவற்றை நான் அரிது என்று சொல்லவில்லை. ஆழம் குறைந்த, தெளிந்த, சத்து அதிகம் சேராத குளத்தில் மட்டும் வாழும் மெல்லிய வகைகள், குறிப்பாக நைட்டெல்லாக்கள், நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஐந்தாறு குளங்களில் கிடைத்தன. பிள்ளைகளைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போய் எடுத்து வருவோம். ஓய்வு பெறும் வருடம் அதே குளங்களைச் சுற்றினோம். ஒன்றே ஒன்றில்தான் இருந்தது.

நெல்லில் பரவலாக வளரும் காராவை வைத்து, குளத்து வகையும் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காக்கை நிறைய இருக்கிறது, அதனால் பறவைகளுக்குக் குறைவில்லை என்று சொல்வதுபோல் ஆகிவிடும்.

ஏன் குறைகிறது?

முதல் காரணம் வெளிச்சம். காரா அடியில் நிற்பது. சூரிய ஒளி தரை வரை போனால்தான் அதற்குச் சாப்பாடு. வயலில் போடும் டி.ஏ.பி., யூரியாவில் மிச்சமானது மழையோடு வடிவாய்க்காலில் இறங்கிக் குளத்துக்கு வருகிறது. தெருச் சாக்கடையும் சோப்புத்தண்ணீரும் வந்து சேருகின்றன. இந்த பாஸ்பரஸும் நைட்ரஜனும் முதலில் வளர்ப்பது மிதக்கும் நுண்பாசியை. தண்ணீர் பச்சையாகிறது, அடியில் இருட்டு. மேலே வெங்காயத்தாமரை மூடிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இதில் ஒரு சுழற்சி உண்டு, அதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் புரியும். காரா அடர்ந்து நிற்கும்போது சேற்றைப் பிடித்து வைக்கிறது. காற்றடித்தாலும் அடிமண் கிளம்பாது. கலங்கிய துகள்கள் அதன் கிளைகளில் படிந்து இறங்கிவிடும். கொசுமுட்டைபோல் சின்னதாக இருந்து, நீந்திக்கொண்டே தண்ணீரை வடிகட்டும் தண்ணீர்ப்பூச்சிகளுக்கு மீனிடமிருந்து ஒளிய அங்கே இடம் கிடைக்கும், அவை நுண்பாசியைத் தின்று தீர்க்கும். தெளிவாக இருப்பதால் காரா வளர்கிறது, காரா வளர்வதால் தெளிவாக இருக்கிறது. ஒருமுறை காரா போய்விட்டால் இதே சக்கரம் மறுபக்கம் சுற்றும். கலங்கல், அதனால் இருட்டு, அதனால் காரா முளைக்காது, அதனால் மேலும் கலங்கல். பிறகு உரத்தைக் கொஞ்சம் குறைத்தால் மட்டும் குளம் தெளிந்துவிடாது.

அடுத்தது மீன். அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது. அப்புறம் தூர் வாரும் முறை. அப்புறம் குட்டைகளே இல்லாமல் போவது: நான் சின்ன வயதில் பார்த்த எத்தனையோ குட்டைகள் இன்று மனைக்கட்டாகக் கிடக்கின்றன.

தூர் வாருவதே தவறு என்கிறீர்களா?

இல்லவே இல்லை. மேட்டூர் அணை 1934இல் வந்தது. அதைத் திறக்கும் ஜூன் 12 என்ற தேதியை நம்பித்தான் எங்கள் குறுவை இருக்கிறது. அதற்குள் வாய்க்கால் வாராவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் வராது. குளம் மேடேறிப் போனாலும் காரா சாகும். எனக்குச் சண்டை வாரும் விதத்தோடு மட்டும்.

காராவின் காய் முற்றி ஊஸ்போர் என்ற கடினமான வித்தாகி அடியில் விழுகிறது. சின்ன மிளகைப் பலமுறை சிறிதாக்கினதுபோல் கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். கோடையில் குளம் வற்றி, சேறு வெடித்துப் பாளம் பாளமாகக் காய்ந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. பல பத்தாண்டுகள்கூட மண்ணுக்குள் உறங்கும். தண்ணீர் வந்ததும் முளைக்கும். வருடா வருடம் வற்றி நிறையும் டெல்டாக் குளத்துக்கு இதைவிடப் பொருத்தமான பயிர் இல்லை. ஆக, ஒரு குளத்தின் காரா என்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் பச்சை அல்ல, வித்து கிடக்கும் அடிச்சேற்றின் மேற்பகுதிச் சில அங்குலம்தான்.

முன்பு மண்வெட்டியால் வெட்டி, கூடையில் தூக்கி, மாட்டுவண்டியில் வயலுக்கு வண்டல் அடித்தார்கள். ஒரு கோடையில் குளத்தின் ஒரு பகுதிதான் முடியும். மீதியில் வித்து இருக்கும், அது மறுவருடம் வெட்டிய பகுதிக்கும் பரவும். வண்டலோடு கொஞ்சம் வயலுக்கும் போகும். இப்போது இயந்திரம் மூன்று நாளில் முழுக் குளத்தையும் களிமண் தெரிய ஒரே சீராகச் சுரண்டிவிடுகிறது. கரையைச் செங்குத்தாக வெட்டுகிறார்கள், சில இடத்தில் பக்கத்தில் கான்கிரீட் பலகை வேறு. வித்தும் போய்விடுகிறது, வெளிச்சம் படும் ஆழம் குறைந்த ஓரமும் போய்விடுகிறது.

எங்கள் ஊருக்குப் பின்னால் ஒரு குட்டையில் இதைக் கண்ணால் பார்த்தேன். வருடா வருடம் பிள்ளைகளுக்கு நைட்டெல்லா எடுத்த இடம். ஒரு மே மாதம் குத்தகைக்காரர் சுத்தமாகத் தோண்டி, விளிம்பு தட்டி, படம் எடுத்துப் போட்டார். ஊரே பாராட்டியது, நானும் முதலில் சந்தோஷப்பட்டேன். அடுத்தடுத்த மூன்று கார்த்திகைகளில் இறங்கித் தேடினேன், ஓர் இழைகூட இல்லை. அதே கோடையில் பக்கத்து ஊர்த் தாமரைக்குளத்தையும் அதே இயந்திரம்தான் வாரியது. அங்கே அய்யனார் கோயில் ஆலமரத்தின் வேர் குறுக்கே நின்றதால் வடகிழக்கு மூலைக்குள் இயந்திரம் போக முடியவில்லை. ஒரு களத்துமேடு அளவு இடம் அப்படியே விடுபட்டது. கார்த்திகையில் போய்ப் பார்க்கிறேன், அந்த மூலையில் மட்டும் பச்சைப் பாய் விரித்ததுபோல் காரா. இரண்டாம் வருடம் அது வெட்டிய பக்கத்துக்கும் நகர்ந்திருந்தது.

அய்யனார் செய்ததை நாமே செய்யலாம் என்பதுதான் நான் கேட்பது. ஐந்தில் ஒரு பங்கு, முடியாவிட்டால் ஒரு மூலை. காரா வழக்கமாக நிற்கும் மூலையாக இருந்தால் நல்லது. சாக்கடை வாய் இருக்கும் மூலை வேண்டாம். ஒரு பக்கக் கரையாவது மாடு இறங்கும் சரிவாக இருக்கட்டும்.

ஏற்கெனவே முழுதாக வாரிவிட்டோம். இனி வழி இல்லையா?

இருக்கலாம். அள்ளிய மண் எங்கே போனது என்று பாருங்கள். கரையில் கொட்டியிருந்தால் அதில் வித்து இருக்கும். இரண்டு மூன்று கூடை எடுத்து ஆழம் குறைந்த ஓரத்தில் திரும்பப் போடுங்கள்.

இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியில் வயலுக்காக மூடப்பட்ட பழைய குட்டைகளைத் திரும்பத் தோண்டிப் பார்த்தார்கள். 150 வருடம் வரை புதைந்திருந்த அடிச்சேற்றிலிருந்து நீர்த்தாவரங்கள் முளைத்தன. நம் மனைக்கட்டுகளுக்கு அடியில் என்னென்ன உறங்குகிறதோ என்று அதைப் படித்த அன்று இரவு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் குளத்துச் சேற்றில் வித்து இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பக்கெட் போதும். குளம் வற்றியிருக்கும்போது நான்கைந்து இடத்தில் மேல்மண்ணை இரண்டு அங்குலத்துக்கு மட்டும் எடுங்கள். வெளிர்நிற பக்கெட்டில் மூன்று விரல் கனத்துக்குப் பரப்பி, மெல்ல மழைத்தண்ணீர் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் இரண்டு நாள் திறந்து வைத்த பிறகு ஊற்றவும், குளோரின் ஆகாது. உரம், சாணம் எதுவும் வேண்டாம். காலை வெயில் படும் இடத்தில் வைத்து, கொசு முட்டையிடாமல் பழைய கொசுவலைத் துணியால் வாயைக் கட்டிவிடுங்கள்.

மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் சேற்றிலிருந்து தலைமுடி மாதிரி பச்சை இழைகள் நிமிரும். கணுவும் கிளைவட்டமும் தெரிந்தால் அதுதான். எல்லாப் பள்ளியிலும் செய்யக்கூடிய சோதனை இது. என் பிள்ளைகள் பதினோரு பக்கெட் வைத்தார்கள், நான்கில் முளைத்தது. முளைத்த பக்கெட்டுக்குச் சொந்தக்காரன் அன்றைக்கு நடந்த நடையைப் பார்க்கவேண்டும்.

வேறு குளத்திலிருந்து கொண்டுவந்து விடலாமா?

அதே ஊர், அதே வாய்க்காலில் நிறையும் பக்கத்துக் குளம் என்றால் சரி. தூரத்திலிருந்தோ, மீன்தொட்டிக் கடையிலிருந்தோ வேண்டாம். இந்தக் குடும்பத்திலேயே நைட்டெல்லாப்சிஸ் என்ற பாசி ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அருகிவருவதால் காப்பாற்றுகிறார்கள். அதே பாசி வட அமெரிக்காவுக்குப் போய் ஏரிகளை அடைத்துக்கொண்டு அழிக்க முடியாத களையாகிவிட்டது. இடம் மாறினால் குணம் மாறும்.

மீன் வளர்த்தால் பாசி போய்விடுமா? குத்தகைப் பணம் ஊராட்சிக்கு வேண்டுமே.

எந்த மீன் என்பதைப் பொறுத்தது. கட்லா மேலே இருப்பது, ரோகு நடுவில் இருப்பது, இவற்றால் பெரிய சேதம் இல்லை. புல் கெண்டை நீர்த்தாவரத்தையே தின்னும், சாதாக் கெண்டை சேற்றைக் கிளறிக்கொண்டே இருக்கும். இரண்டையும் சேர்த்து விட்டால் ஓரிரண்டு வருடத்தில் அடித்தரை மொட்டையாகிவிடும்.

ஜப்பானின் நோஜிரி ஏரியில் இதுதான் நடந்தது. களையைக் குறைக்கப் புல் கெண்டை விட்டார்கள், நான் சொன்ன நைட்டெல்லாப்சிஸ் உட்பட எல்லாம் போயிற்று. ஆய்வுக்கூடத்தில் வளர்த்து வைத்திருந்ததைக் கொண்டு, மீன் புகாதபடி வலையடைத்து, திரும்ப நட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாம் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. குத்தகைப் பத்திரத்தில் அந்த இரண்டு மீன் வேண்டாம் என்று ஒரு வரி எழுதலாம். எழுத முடியாத இடத்தில், விட்டுவைத்த மூலைக்கு மூங்கில் நட்டு வலை கட்டலாம்.

வயலில் பாசி அதிகமானால் மயில்துத்தம் போடலாமா?

நாற்றைப் பாசி அமுக்கினால் விவசாயி சும்மா இருக்க முடியாது, அது எனக்குத் தெரியும். மணலில் கலந்தோ, துணியில் கட்டி மடைவாயில் வைத்தோ பலரும் போடுகிறார்கள். வயலுக்குள் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தண்ணீரைக் குளத்துப் பக்கம் வடிக்காதீர்கள். மயில்துத்தத்தில் இருப்பது தாமிரம். அது கரைந்து காணாமல் போவதில்லை, சேற்றில் தங்கிவிடும். முடிந்தால் முதலில் இரண்டொரு நாள் வயலை வடித்துக் காயவிட்டுப் பாருங்கள். செலவில்லாத வைத்தியம்.

குளத்தில் மட்டும் எக்காரணம் கொண்டும் போடவேண்டாம்.

காரா இருந்தால் கொசு வராது என்கிறார்களே?

ஸ்பெயினில் கபய்யேரோ என்பவர் 1919இல் காரா வளரும் தண்ணீரில் கொசுப்புழு சாகிறது என்று எழுதினார். பிறகு சோதித்தவர்களுக்கு ஒரே மாதிரி முடிவு வரவில்லை. கொசுவுக்காகக் காராவை நம்பவேண்டாம். ஆனால் தெளிந்த குளத்தில் குட்டி மீன்களும் தட்டானின் இளம்பூச்சிகளும் நிறைய இருக்கும், கொசுப்புழுவைத் தின்பது அவற்றின் வேலை.

கோயில் குளங்களில் இருக்குமா?

"கோயில் ஐவேலி, குளம் ஐவேலி" என்று திருவாரூரைச் சொல்வோம். மன்னார்குடி ஹரித்ராநதி 23 ஏக்கர். இவ்வளவு பரந்த தண்ணீர் இருக்கும் இடங்களை விட்டுவிட முடியாது. கல்படி நேராக இறங்கும் இடத்தில் காரா நிற்காது, மண் தரையாக இருக்கும் குளத்தில் நிற்கும். தெப்பத்துக்கு முன் இறைத்துச் சுத்தம் செய்வது தவிர்க்க முடியாதது. அங்கே கேட்கக்கூடியது ஒன்றுதான்: எண்ணெய், சோப்பு, பூசைக் கழிவு தண்ணீருக்குள் போகாமல் பார்ப்பது.

சட்டப் பாதுகாப்பு உண்டா?

பாசி என்ற பெயரில் இல்லை. வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. தாவரங்கள் பிறகு 1991 திருத்தத்தில்தான் சேர்ந்தன. அப்போது சேர்ந்தவை ஆறே ஆறு, அவற்றில் பாசி கிடையாது. ஆனால் இடத்துக்குப் பாதுகாப்பு இருந்தால் பாசிக்கும் அதில் பங்கு உண்டு. வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022இல் ராம்சார் எனப்படும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன, கரைவெட்டி 2024இல். மூன்றுமே பறவைக்காகப் பெயர் பெற்ற ஏரிகள். நாமக்கோழியும் வலசை வாத்தும் காராவை மேயும். வித்து அவற்றின் வயிற்றில் செரிக்காமல் எச்சத்தோடு அடுத்த குளத்துக்குப் போகும். பறவைக்காக ஏரியைக் கணக்கெடுக்கும்போது அடியில் என்ன முளைத்திருக்கிறது என்று ஒரு கொக்கியைப் போட்டு இழுத்துப் பார்த்தால் நன்றாயிருக்கும்.

ஜப்பானியர்கள் ஆக்கன் ஏரியின் உருண்டைப் பாசியை 1921லேயே இயற்கைச் சின்னமாக அறிவித்தார்கள், 1952இல் அதைச் சிறப்புச் சின்னமாக உயர்த்தினார்கள். அது வேறு பாசி, மரிமோ என்று பெயர். ஒரு பாசிக்காக வருடா வருடம் திருவிழா எடுக்கும் ஊர் உலகத்தில் இருக்கிறது.

போன காரா திரும்பி வந்த இடம் ஏதாவது உண்டா?

நெதர்லாந்தில் வெலுவமேர் என்ற ஏரி. பெரியது, ஆனால் நம் குளம் போல ஆழம் குறைந்தது. கழிவுநீரால் பச்சையாகி, காரா காணாமல் போயிருந்தது. 1970களின் கடைசியில் பாஸ்பரஸைத் தடுத்தார்கள், சத்து குறைந்த தண்ணீரை விட்டு ஏரியை அலசினார்கள். உடனே பலன் இல்லை. சேற்றைக் கிளறும் மீன்களைப் பிடித்துக் குறைத்த பிறகு, 1990களில் காரா ஏரியின் அடியில் புல்வெளியாகப் பரவியது, தண்ணீரும் தெளிந்தது. மேலே சொன்ன சக்கரம் சரியான பக்கம் திரும்பியதற்கு இதுதான் எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம்.

எங்கள் குளத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். யாரிடம் சொல்வது?

முதலில் ஊரில் சொல்லுங்கள், தூர் வாரும் கூட்டத்துக்கு முன்னால். இயந்திரத்தை ஓட்டுபவரிடமும் சொல்லுங்கள். நான்கு மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டிக் காட்டினால் அவர் அந்த இடத்தை விட்டுவிடுவார், நான் கேட்ட யாரும் மறுத்ததில்லை.

எந்த இனம் என்று தெரிய, பக்கத்துக் கல்லூரித் தாவரவியல் துறைக்கோ, கோயம்புத்தூரில் இருக்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்கோ எடுத்துப்போகலாம். ஒரு கைப்பிடிக்கு மேல் எடுக்க வேண்டாம், காய் இருக்கும் கிளையாகப் பார்த்து எடுங்கள், காய் இல்லாமல் இனம் சொல்வது கடினம். பாதியை அதே குளத்துத் தண்ணீரோடு பாட்டிலில் போடுங்கள். மீதியை ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டு, அடியில் தடித்த காகிதத்தை நுழைத்து மெல்லத் தூக்கினால் கிளை விரிந்தபடியே காகிதத்தில் படிந்துவிடும். நிழலில் காயவையுங்கள். அதன் ஓரத்தில் ஊர், குளத்தின் பெயர், எந்த மூலை, தண்ணீர் முழங்காலா இடுப்பா, தேதி, எல்லாம் பென்சிலில் எழுதவும். பேனா மை ஈரத்தில் ஊறிவிடும்.